சான்றிதழ் கொடுத்தாச்சு, அப்புறம்? டிஜிட்டல் பயிற்சியும் பிழைப்பும்

#1 மாலைவகுப்பு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சமூகக் கூடத்தில் வாரம் மூன்று மாலை, பெரியவர்களுக்குக் கணினியும் கைபேசியும் சொல்லித்தருகிறேன். மூன்று மாதப் பாடம். போன அணியில் 22 பேர். கடைசி நாள் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது.

எட்டு மாதம் கழித்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசினேன். கற்றதைத் தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் ஐந்தே பேர். ஏழெட்டுப் பேர் பேசவும் காணொளி பார்க்கவும் மட்டும் கைபேசியைத் தொடுகிறார்கள். மற்றவர்களுக்கு மின்னஞ்சல் கடவுச்சொல்லே நினைவில்லை. ஒருவர் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது: "டீச்சர், வகுப்புல எல்லாம் வந்துச்சு. வீட்டுல தனியா உக்காந்தா கை ஓடல."

அடுத்த அணி ஆறு வாரத்தில் தொடங்குகிறது. பழைய பாடத்தையே மறுபடி நடத்த மனம் ஒப்பவில்லை. எதை மாற்றலாம்? பயிற்சி கொடுத்தவர்கள், பயிற்சிக்குப் போனவர்கள் இரு தரப்பும் சொல்லுங்கள்.

#2 நூலகப்படி

எட்டு மாதம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்கிற பயிற்றுநர்கள் குறைவு. முதலில் அதற்கு நன்றி.

நான் ஒரு பொது நூலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஒருவர் வந்தார். வேலைக்கான விண்ணப்பத்தை முழுக்க நிரப்பிவிட்டார், புகைப்படம் மட்டும் ஏறவில்லை. ஏதோ சிவப்பு எழுத்து வருகிறது, அவர் படிப்பதற்குள் மறைகிறது. மூன்று நாளாக இதே பாடு. விஷயம் இவ்வளவுதான்: படம் 3 எம்பி, தளம் ஏற்பது 50 கேபி வரை. படத்தைச் சுருக்குவது எப்படி என்று அவர் கையாலேயே செய்யவைத்தேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த வாரம் அவரே தன் தம்பி மகளைக் கூட்டிவந்து, பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த எந்தப் பாடத்திட்டத்திலும் இந்த நான்கு நிமிடப் பாடம் இல்லை.

ஸ்வீடனில் வெம்தாலன் என்கிற சிற்றூரில் 1985ல் ஒரு தொலைக்குடில் திறந்தார்கள். கணினிகள், தொலைபேசி இணைப்பு, சொல்லித்தர ஆள் எல்லாம் ஒரே இடத்தில். ஊரில் யாரும் வந்து கற்கலாம், கற்றதை அங்கேயே உட்கார்ந்து வேலைக்குப் பயன்படுத்தலாம். பின்னால் பல நாடுகளில் வந்த தொலைமையங்களுக்கு முன்னோடி அதுதான். நாம் அதிலிருந்து வகுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, திறந்திருக்கிற கதவை விட்டுவிட்டோம் என்பது என் எண்ணம். உங்கள் மாணவர்களுக்கு நாலாவது மாதம் சந்தேகம் வந்தால் எங்கே போவார்கள்?

#3 கணக்குப்பிள்ளை

பயிற்சித் திட்டங்களை மதிப்பிடுவது என் வேலை. கசப்பான எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக வங்கிப் பொருளியலாளர் டேவிட் மெக்கென்சி, வளரும் நாடுகளில் நடந்த தொழிற்பயிற்சித் திட்டங்களின் ஆய்வுகளை 2017ல் தொகுத்துப் பார்த்தார். 100 பேருக்குப் பயிற்சி கொடுத்தால், அந்தப் பயிற்சியால் மட்டுமே வேலை கிடைத்தவர்கள் என்று சொல்லத்தக்கவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. வகுப்புப் பக்கமே வராத, அதே மாதிரி ஆட்களுக்கும் காலப்போக்கில் வேலை கிடைத்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டால்தான் பயிற்சியின் உண்மையான பங்கு தெரியும். அந்த வகையில் 22ல் ஐந்து என்பது எனக்குச் சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

ஆனால் எதைச் சொல்லித்தருகிறோம், எப்படிச் சொல்லித்தருகிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. டொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்கிறவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2014ல் வெளிவந்தன. ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியல் பாடம். இன்னொரு பிரிவுக்கு வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் வேறு வேறு இழுப்பறையில் வை என்பது போன்ற எளிய கைவிதிகள் மட்டும். கைவிதி கற்றவர்களின் கணக்குப் பழக்கம் தேறியது. கணக்கியல் படித்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

டோகோவில் 1500 சிறுதொழில்காரர்களிடம் நடந்த சோதனை 2017ல் வெளிவந்தது. தானாக முன்வந்து புதிதாக ஒன்றை முயல்வது, தடை வந்தால் வேறு வழி தேடுவது என்ற மனப்பழக்கத்தைப் பயிற்றுவித்த பிரிவில் லாபம் சராசரியாக 30 சதவீதம் கூடியது. வழக்கமான வணிகப் பாடம் எடுத்த பிரிவில் 11 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குத் தடுமாறிய எண்.

ஆக, மாலைவகுப்பு, என் கேள்வி ஒன்றுதான். அந்த ஐந்து பேர் யார்? மற்ற 17 பேரிடம் இல்லாத எது அவர்களிடம் இருந்தது?

#4 ஊசியும்நூலும்

நான் பயிற்சிக்குப் போனவள். தையல் தொழில். அதனால மனசுல பட்டதைச் சொல்றேன்.

நான் போன முதல் பயிற்சியில முதல் நாலு வகுப்பு கணினியின் பாகங்கள். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், சிபியு எல்லாம் நோட்டுல படம் வரைஞ்சு பேர் எழுதணும். எங்க வீட்டுல கணினியே கிடையாது. அஞ்சாவது வகுப்புக்கு நான் போகல.

ரெண்டாவது பயிற்சி வேற மாதிரி. வரும்போது நீங்க செய்யற பொருள் ஒண்ணை எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருந்தாங்க. நான் தைச்ச குழந்தைச் சட்டை ஒண்ணு கொண்டுபோனேன். கைபேசியில படம் எடுக்கச் சொன்னாங்க. டியூப் லைட்டுக்கு அடியில எடுத்தேன், நல்ல பச்சை நிறம் சாம்பலா விழுந்துச்சு, என் நிழலே சட்டை மேல கிடந்துச்சு. அந்த அம்மா ஒண்ணும் சொல்லாம சட்டையைக் கொண்டுபோய் ஜன்னல் ஓரமா வெச்சு, எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினாங்க. இப்ப எடுங்கன்னாங்க. கழுத்துப் பட்டியில நான் போட்ட பின்னல் தையல் ஒவ்வொண்ணும் தெரிஞ்சுது. அந்த நிமிஷம் எனக்குப் புரிஞ்சுது, இது எனக்கான விஷயம்னு.

இப்ப என்ன செய்யறேன்னா, அளவு எழுதின நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து, வாடிக்கையாளர் பேர்ல ஒரு கோப்புறையில வெச்சுக்கறேன். அடுத்த தடவை அவங்க நேர்ல வராமலே துணியை மட்டும் கொடுத்தனுப்பறாங்க. பெரிய வித்தை இல்ல. ஆனா எனக்கு மாசத்துல ரெண்டு மூணு நாள் மிச்சமாகுது. வெளியூர்லேர்ந்தும் நாலஞ்சு பேர் தைக்கக் கொடுக்கறாங்க.

டீச்சருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்க பாடத்தை எங்க தொழில்லேர்ந்து தொடங்குங்க.

#5 திறவுகோல்

எல்லாம் சரி. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. இருக்கிற தொழிலோடு கைபேசியை ஒட்டவைப்பதோடு நாம் நின்றுவிடுகிறோமா? கைத்தொழில் எதுவும் இல்லாத இளையவர்கள் இருக்கிறார்களே? அவர்களுக்கு நிரல் எழுதுவது, வடிவமைப்பு, வீட்டிலிருந்தே செய்கிற இணைய வேலைகள் என்று கற்றுக்கொடுத்தால் உள்ளூர்ச் சந்தையின் எல்லையையே தாண்டிவிடலாம். தையல்காரருக்குப் படமெடுக்கச் சொல்லித்தருவது நல்லதுதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி என்பது ஆளை இன்னொரு படி மேலே ஏற்ற வேண்டாமா?

#6 மாலைவகுப்பு

கணக்குப்பிள்ளை, உங்கள் கேள்விக்காக நேற்று இரவு உட்கார்ந்து பெயர்ப் பட்டியலை மறுபடி பார்த்தேன். அந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு வகுப்புக்கு வருவதற்கு முன்பே கையில் ஒரு தொழில் இருந்தது. மரவேலை, நாற்றுப் பண்ணை, மிதிவண்டி பழுது பார்ப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. ஐந்தாமவர் வேலை தேடிக்கொண்டிருந்த பெண். இப்போது ஒரு அச்சகத்தில் தட்டச்சு செய்கிறார்.

ஆனால் தொழில் இருந்தும் கற்றதைப் பயன்படுத்தாதவர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். அப்படியென்றால் தொழில் மட்டும் காரணமில்லை. ஐந்து பேருக்கும் மறுபடி போன் செய்து, "மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பீர்கள்?" என்றேன். ஐந்து பேருமே யோசிக்காமல் ஒரு ஆளைச் சொன்னார்கள். மகன், அக்கா மகள், அச்சகத்துக்காரர், பக்கத்து வீட்டு மாணவி, நாற்றுப் பண்ணைக்காரருக்கு அவரோடு வகுப்பில் உட்கார்ந்த மரவேலைக்காரர். அந்த ஆறு பேரிடம் இதையே கேட்டால், நான்கு பேர் "யாரும் இல்லையே" என்றார்கள்.

ஊசியும்நூலும் அக்கா, நீங்கள் சொன்ன அந்த நான்கு வகுப்புகள் என் பாடத்திலும் இருக்கின்றன. கேட்கவே மனசு கனத்துவிட்டது. எடுத்துவிடுகிறேன்.

#7 பழுதுநீக்கி

கைபேசி பழுது பார்க்கிறேன், பதினோரு வருஷமாக. திறவுகோல் தம்பி சொன்னதற்கு ஒரு செய்தி.

வங்கதேசத்தில் 1997ல் கிராமீன் நிறுவனங்கள் கிராமப் பெண்களுக்குக் கடன் கொடுத்து ஆளுக்கொரு கைபேசி வாங்கவைத்தன. ஊரில் வேறு யாரிடமும் போன் இல்லை. அவர்களிடம் வந்துதான் பேச வேண்டும், நிமிடத்துக்குக் கட்டணம். நல்ல வருமானம் வந்தது. உலகமே அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசியது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வீட்டுக்கு வீடு கைபேசி வந்ததும் அந்த வருமானம் வற்றிப்போனது. அந்தப் பெண்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவர்கள் விற்றது இணைப்பை. இணைப்பு எல்லோருக்கும் வந்துவிட்டால் அதை விற்கிறவருக்கு வேலை இல்லை.

கேரளத்தில் அக்ஷயா மையங்கள் வேறு பாதையில் போயின. 2002ல் மலப்புறத்தில், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவருக்காவது கணினி அறிவு கொடுப்பது என்று தொடங்கினார்கள். மையத்தை நடத்தியவர்கள் தனியார் தொழில்முனைவோர். வீட்டுக்கு ஒருவர் என்ற இலக்கு முடிந்தபின் பாடம் நடத்தி மட்டும் மையம் பிழைக்க முடியாது. கட்டணம் கட்டுவது, அரசுச் சேவைகள், சான்றிதழ் விண்ணப்பம் என்று மாறினார்கள். அதனால் இன்றும் நிற்கிறார்கள்.

பழுது பார்க்கிற வேலையும் அப்படித்தான். கருவி பெருகப் பெருக வேலை பெருகும். கைத்தொழில் இல்லாத இளையவர்களுக்கு நிரல் மட்டுமே வழியில்லை. மின்னூட்டத் துளையில் அடைந்த பஞ்சை எடுப்பது, மின்கலம் மாற்றுவது, திரை மாற்றுவது. கையில் பொறுமை இருக்கிற யாருக்கும் ஆறு மாதத்தில் வரும். ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் 1972ல் பங்கர் ராய் தொடங்கிய வெறுங்கால் கல்லூரியில், பல நாடுகளிலிருந்து வந்த, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் சூரிய மின்விளக்குகளைப் பூட்டவும் பழுது பார்க்கவும் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. நிறக் குறிகளும் சைகையும்தான் பாடநூல். அவர்களால் முடிந்தது என்றால் யாரால் முடியாது?

#8 கணக்குப்பிள்ளை

மாலைவகுப்பு, "மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பீர்கள்" என்று நீங்கள் கேட்டது என் கணக்கில் பெரிய கண்டுபிடிப்பு. இதைச் சேர்க்கையின்போதே கேளுங்கள்.

கருவியைக் கொடுத்துவிட்டு ஆளை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு சாட்சி. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்த முடிவு 2012ல் வந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. கணினி வகுப்பறைக்குப் போனது, அதைக் கொண்டு என்ன செய்வது என்பதற்கு ஆசிரியர்களுக்குக் கிடைத்த துணை மிகக் குறைவு.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் டிஜிட்டல் கிரீன் என்ற வேளாண் காணொளித் திட்டம். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் 2006 வாக்கில் தொடங்கியது. வேளாண் நுட்பத்தை விஞ்ஞானி விளக்கும் படமாக எடுக்காமல், அந்தப் பகுதி விவசாயியையே செய்யவைத்துப் படமெடுத்தார்கள். ஊரில் ஒரு சிறு கூட்டமாக உட்காரவைத்து, ஒருவர் படத்தை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டபடி காட்டினார். வழக்கமான வேளாண் விரிவாக்கப் பணியோடு ஒப்பிட்டபோது, செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் பத்து மடங்கு பலன் என்று அந்தத் திட்டத்தைப் பற்றிய ஒரு ஆய்வு சொன்னது. பார்ப்பவர்களுக்கு முக்கியமாக இருந்தது படத்தில் இருப்பவர் நம்மைப் போன்றவரா என்பது. நம்மைப் போன்ற ஒருவர் செய்தால் நமக்கும் வரும்.

ஐரோப்பிய ஆணையம் 2013ல் வெளியிட்ட டிஜிட்டல் திறன் சட்டகத்தைப் பலர் பாடத்திட்டமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தகவல் தேடல், தொடர்பாடல், உள்ளடக்க உருவாக்கம், பாதுகாப்பு, சிக்கல் தீர்த்தல் என்று ஐந்து பிரிவு. எதுவும் விடுபடவில்லையா என்று கடைசியில் சரிபார்க்க அது உதவும். முதல் நாள் வகுப்பை அதிலிருந்து தொடங்கினால் ஊசியும்நூலும் மறுபடியும் அஞ்சாவது வகுப்புக்கு வரமாட்டார்.

#9 திறவுகோல்

பழுதுநீக்கி அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், நான் பழுது பார்ப்பதை யோசிக்கவே இல்லை. ஆனால் இணைய வேலையை ஒரேயடியாக ஒதுக்கவும் மனமில்லை, நானே அதில்தான் பிழைக்கிறேன்.

என் அனுபவத்தில் அங்கே கடினமானது திறமை வளர்ப்பது இல்லை, முதல் வாடிக்கையாளரைப் பிடிப்பது. மதிப்புரை இல்லாதவருக்கு வேலை வராது, வேலை வராமல் மதிப்புரை வராது. எனக்கு முதல் வேலை ஏற்கெனவே ஒரு இணைய வேலைத் தளத்தில் இருந்த ஒருவர் தன் வேலையில் ஒரு துண்டைப் பிரித்துக் கொடுத்ததால்தான் கிடைத்தது. ஆறு மாதம் அவர் நிழலில் வேலை பார்த்தேன். அப்படி ஒருவர் இல்லாமல் இருபது பேரை இணையச் சந்தையில் இறக்கிவிட்டால், பத்தொன்பது பேர் மனம் உடைந்து திரும்பிவிடுவார்கள்.

இன்னொன்று, கட்டாயம் வகுப்பில் சொல்லுங்கள். "வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று வருகிறவை மோசடி. வேலை கொடுப்பவர் பணம் கொடுப்பார், கேட்கமாட்டார். புதிதாகக் கற்றவர்கள்தான் இதில் முதலில் சிக்குகிறார்கள். சிக்கியபின் கணினி இருக்கும் பக்கமே வருவதில்லை.

#10 ஊசியும்நூலும்

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. எனக்கே ஒருத்தர் "உங்களுக்கு முன்பணம் அனுப்பறேன், வந்த செய்தியைத் தொட்டு ரகசிய எண்ணைப் போடுங்க"ன்னார். என் கை அந்த எண் பெட்டி வரைக்கும் போயிடுச்சு. அந்த அம்மா சொல்லியிருந்தது அப்பதான் ஞாபகம் வந்துச்சு: பணம் போகத்தான் ரகசிய எண், வர அது வேண்டாம். அப்படியே வெச்சுட்டேன். இந்த ஒரு வரி எனக்குச் சான்றிதழைவிடப் பெருசு.

இன்னொரு விஷயம் யாரும் பேசல. என்னோட பயிற்சிக்கு வந்த பொண்ணுங்க பலபேருக்கு கைபேசி சொந்தமா இல்ல. வீட்டுக்கு ஒண்ணு, அது கணவர் சட்டைப் பையில. சாயங்காலம் அவர் வந்தப்புறம்தான் கைக்கு வரும், அப்ப வீட்டு வேலை. வகுப்புல கத்துக்கிட்டதைத் தொட்டுப் பாக்கறதுக்குள்ள மறந்துபோகுது. கை ஓடலன்னு அவங்க சொன்னதுக்கு இதுவும் காரணமா இருக்கலாம், கேட்டுப் பாருங்க டீச்சர். மாலை வகுப்புன்னா கைக்குழந்தையோட யார் வருவா? பகல்ல ஒரு வகுப்பு வெச்சு, மூலையில ஒரு பாயை விரிச்சு, பிள்ளைங்களைப் பாத்துக்க ஒரு ஆள் போட்டாங்க. அப்புறம்தான் எங்க கூட்டம் நிறைஞ்சுது.

#11 கணக்குப்பிள்ளை

இதற்கு எண்ணும் இருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டில், உலக ஆண்களில் 70 சதவீதம் இணையத்தில் இருந்தார்கள், பெண்களில் 65. அந்த ஐந்து புள்ளியில் அக்கா சொன்ன சட்டைப் பைகளும் அடக்கம்.

#12 நூலகப்படி

பயிற்சிக் கருவிகளை வகுப்பு முடிந்ததும் பூட்டி வைக்காதீர்கள். நாங்கள் நான்கு பழைய கைபேசிகளை, எண் ஒட்டி, புத்தகம் போலவே பதினைந்து நாளுக்கு இரவல் கொடுக்கிறோம். இதுவரை ஒன்றுகூடத் தொலையவில்லை.

#13 மாலைவகுப்பு

பதினோரு வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

புதிய அணியை 14 பேரோடு நிறுத்திக்கொண்டேன். ஒன்பது பேர் பகல் வகுப்பு, ஐந்து பேர் மாலை. சேரும்போதே இரண்டு கேள்வி: என்ன வேலை செய்கிறீர்கள், மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பீர்கள். இரண்டாவது கேள்விக்கு "யாரும் இல்லை" என்றவர்களை, பழைய அணியின் அந்த ஐந்து பேரில் ஒருவரோடு சேர்த்துவிட்டேன். ஐந்து பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். பாகங்களின் பெயர்ப் பாடம் இல்லை. முதல் நாள் எல்லோரும் தங்கள் பொருளோடு வந்தார்கள். பொருள் இல்லாதவர்கள் நிரப்ப வேண்டிய ஒரு படிவத்தோடு. பாட நாட்களைக் குறைத்து, வியாழன்தோறும் இரண்டு மணி நேரம் கூடத்தைச் சும்மா திறந்து வைக்கிறேன். பாடம் கிடையாது, யாரும் வரலாம், பழைய அணியினரும்.

முதல் இரண்டு வியாழன் யாரும் வரவில்லை. தனியாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வாரம், "கை ஓடல" என்று சொன்னாரே, அவர் வந்தார். கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, "இது ஒண்ணும் கெட்டுப்போகாதுல்ல?" என்று கேட்டார். எட்டு மாதமாக அவரைத் தடுத்திருந்தது அந்தப் பயம்தான், நான் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. அரை மணி நேரம் எல்லாப் பொத்தானையும் அவர் இஷ்டத்துக்கு அழுத்தச் சொன்னேன். மொழியை மாற்றிவிட்டார், திரும்பக் கொண்டுவந்தார். ஒலியை அணைத்தார், திறந்தார். திரும்பி வர ஒவ்வொரு இடத்திலும் ஒரு வழி இருப்பதை அவரே கண்டுபிடித்தார். போன வாரம் கூடை பின்னுகிற தன் அண்ணியைக் கூட்டிவந்தார். ஜன்னல் ஓரத்தில் கூடையை வைத்து, எதிரே வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

பழுதுநீக்கி, உங்களிடம் ஒரு உதவி. மூன்று இளையவர்கள் பழுது பார்க்கக் கற்க ஆசைப்படுகிறார்கள். தொடங்க என்னென்ன கருவி வாங்கித்தர வேண்டும், எதை முதலில் பிரிக்கச் சொல்லலாம்?

#14 பழுதுநீக்கி

நுண் திருப்புளித் தொகுப்பு ஒன்று, நெகிழித் திறப்பான், மெல்லிய இடுக்கி, மென்தூரிகை, திருகுகளைப் பிரித்து வைக்கக் காந்தப் பாய். சூட்டுத் துப்பாக்கி இப்போது வேண்டாம். முதல் மாதம் செத்துப்போன கைபேசிகளை மட்டும் பிரித்துப் பூட்டட்டும், பூட்டி முடித்ததும் ஒரு திருகுகூட மிஞ்சக் கூடாது. உப்பிய மின்கலம் இருந்தால் தொடவிடாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். வியாழக்கிழமை எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள்? காணொளி அழைப்பில் நான் கூட உட்காருகிறேன்.